பல் பிடுங்கத் தெரிந்தால் போதுமா... பேசத் தெரிய வேண்டாமா? பல் மருத்துவ மாணவர்களின் இன்னொரு பாடம்!

'மேல் பல்லைப் பிடுங்கினா கண் பார்வை போயிடும்', 'பல்லை க்ளீன் பண்ணினா ஆட்டம் கண்டுடும்'... ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை, இந்த இரண்டையும் நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டுமே உண்மையில்லை. ஆனால், 'அதெல்லாம் சும்மா' என்று டாக்டர் ஒரே வரியில் சொன்னால் பயம் போய்விடாது. 'ஈறு நோயால் பல் ஏற்கெனவே பலவீனமாகிவிட்டது. கல்போல் படிந்த காரை அதை மறைத்திருந்தது. காரையை எடுத்ததும் வெளியே தெரிகிறது' என்று விளக்கினால்தான் புரியும்.

அப்படி விளக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் இன்றைய பல் மருத்துவக் கல்வியின் எதிர்பார்ப்பு.

வடசென்னைக்குப் பக்கத்தில், கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கிறது தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. பி.டி.எஸ். என்பது 4 ஆண்டு படிப்பு, 1 ஆண்டு பயிற்சி. 2007-ல் வந்த பி.டி.எஸ். விதிமுறைகளே, நோயாளியின் கவலையைக் கேட்டு அவரோடு இயல்பாகப் பேசும் திறன் வேண்டும் என்கின்றன. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு 2019 முதல் நடத்தை, நெறிமுறை, உரையாடல் மூன்றும் சேர்ந்த தனிப் பாடத்தொகுதியே இருக்கிறது.

வலி இல்லாத ஆபத்து

துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த பகுதியில் இந்தப் பாடம் உயிர் காக்கும் விஷயம். குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருந்தும், மாவா, ஹான்ஸ் பழக்கம் ஒழியவில்லை. பாக்கு மெல்லுவதால் வாய்த் தசை இறுகி, வாயைத் திறப்பதே சிரமமாகலாம். வாயில் வரும் வெள்ளைத் திட்டு சிலருக்குப் புற்றுநோயாக மாறலாம். ஆரம்பத்தில் வலியே இருக்காது.

சொத்தைப் பல்லுக்காக வரும் கன்டெய்னர் லாரி டிரைவர் ஒருவரின் வாயில் அந்தத் திட்டு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 'இந்தக் கருமத்தை ஏன் போடுற?' என்று அதட்டினால், அவர் மறுபடி வரமாட்டார். பரிசோதனைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்ற கணக்கும் அவருக்கு உண்டு. பழக்கத்தைக் கேட்பது, அறிவுரை சொல்வது, விட மனம் இருக்கிறதா என்று அறிவது, உதவுவது, அடுத்த சந்திப்புக்கு ஏற்பாடு செய்வது என ஐந்து படிகளை உலக அளவில் பின்பற்றுகிறார்கள்.

எப்படிக் கற்றுத் தருகிறார்கள்?

ஒரு மாணவர் டாக்டராகவும் இன்னொருவர் நோயாளியாகவும் நடித்துப் பழகுவது பல நாடுகளில் உள்ள முறை. வாயில் கருவி இருக்கும்போது நோயாளியால் பேச முடியாது. அதனால், 'வலித்தால் இடது கையைத் தூக்குங்க' என்று முன்பே சொல்லிவைக்க வேண்டும். குழந்தைகளுக்கு முதலில் சொல்லி, பிறகு காட்டி, அதன்பிறகே சிகிச்சை. கடைசியில், 'வீட்டுக்குப் போய் என்ன செய்யணும், சொல்லுங்க பார்ப்போம்?' என்று நோயாளியையே சொல்லச் சொன்னால், புரிந்ததா என்பது தெரிந்துவிடும்.

தலைமைப் பண்பு எதற்கு?

பயிற்சி ஆண்டில் 3 மாதம் சமூகப் பல் மருத்துவத்துக்கு. பள்ளியில் முகாம் என்றால் வரிசை, பதிவு, பரிசோதனை, மேல்சிகிச்சைச் சீட்டு என எல்லாவற்றையும் பிரித்துக்கொடுத்து நடத்த வேண்டும். 'கையுறை மாத்தலையே' என்று ஜூனியர் சுட்டிக்காட்டினால் கோபப்படாமல் கேட்டுக்கொள்வதும் தலைமைதான். எத்தனை பேரைப் பார்த்தோம் என்பதோடு, சீட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் உண்மையில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று விசாரிப்பதில்தான் முகாமின் வெற்றி இருக்கிறது.

நோயாளிகளும் தயங்காமல் மூன்று கேள்விகள் கேட்கலாம்: எனக்கு என்ன பிரச்னை? வேறு வழி இருக்கிறதா? இப்போது செய்யாவிட்டால் என்னாகும்? புகையிலையை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.