மாவில் மறைந்திருக்கும் பசையம்

கோதுமை மாவை நீர்விட்டுப் பிசைந்து, அந்த உருண்டையை ஓடும் நீரில் அலசிக்கொண்டே இருந்தால், மாவுச்சத்து பால்போல் கரைந்து வெளியேறும். இறுதியில், இழுத்தால் நீளும் பசை ஒன்று கையில் எஞ்சும். அதுவே பசையம் எனப்படும் குளூட்டன். கிளையடின், குளூட்டனின் என்னும் புரதங்கள் நீருடன் சேர்ந்து பின்னும் வலை அது. ஈஸ்ட் நொதிக்கும்போது தோன்றும் கரியமில வாயுவை இவ்வலை பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ரொட்டி உப்பி மென்மையாகிறது.

அடுமனைக்கு இன்றியமையாத இப்பொருளே சீலியாக் நோயாளருக்குத் தீங்காகிறது. அவர்கள் பசையத்தை உண்டால், உடலின் எதிர்ப்பாற்றல் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. உணவுச்சத்தை ஈர்க்கும் குடலுறிஞ்சிகள் சிதைகின்றன. அதனால் வயிற்றுப்போக்கும் குருதிச்சோகையும், குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவும் தோன்றலாம். வாழ்நாள் முழுவதும் பசையத்தைத் தவிர்ப்பதே இன்றுள்ள மருத்துவம்.

பஞ்சம் காட்டிய உண்மை

இந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே. இரண்டாம் உலகப்போரின்போது 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டைக் கடும் பஞ்சம் வாட்டியது. ரொட்டி கிடைப்பது அரிதாயிற்று. அந்நாளில் சீலியாக் நோயுற்ற குழந்தைகள் உடல் தேறினர். மீண்டும் ரொட்டி வந்தபோது நோயும் திரும்பியது. தம் ஆய்வு முடிவுகளை டிக்கே 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில் விளக்கினார்.

எங்கெங்கே ஒளிந்துள்ளது?

கோதுமையை விலக்குவது எளிது. அதன் மாற்று வடிவங்களை அறிவதே கடினம். மைதாவும் ரவையும் கோதுமையே. வாற்கோதுமையிலும் ரை தானியத்திலும் பசையப் புரதங்கள் உள்ளன. வாற்கோதுமையை முளைகட்டிப் பெறும் மால்ட், சுவைக்காகவும் நிறத்திற்காகவும் பிஸ்கட்டுகளிலும் தானிய அவல்களிலும் சேர்க்கப்படுகிறது. ஆகவே, 'கோதுமை இல்லாதது' என்பதும் 'பசையமற்றது' என்பதும் ஒன்றல்ல.

பேக்கிங் பவுடரில் ஈரத்தை உறிஞ்சுவதற்காக மாவுப்பொருள் கலக்கப்படுகிறது. அது பெரும்பாலும் சோளமாவாக இருப்பினும், சிலவற்றில் கோதுமை மாவாகவும் இருக்கலாம். கேக்கின்மீது தூவும் சர்க்கரைப் பொடிக்கும் இது பொருந்தும். ஓட்ஸ், விளைநிலத்திலோ ஆலையிலோ கோதுமையுடன் கலந்துவிடக்கூடும். கார பிஸ்கட்டில் சேர்க்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பதுண்டு.

சோதிக்கும் முறை

பொட்டலத்தில் அச்சிட்ட உட்பொருள் பட்டியலை முழுமையாகப் படித்தல் முதற்படி. அதன் அருகிலுள்ள ஒவ்வாமைக் குறிப்பைக் காணல் அடுத்த படி. இந்தியாவில் 'பசையமற்றது' என விற்கப்படும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பசையம் இருத்தல் கூடாது. சைவ உணவைக் காட்டும் பச்சைக் குறி பசையத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. ஒரே பெயருள்ள பொருளின் உட்பொருள்களும் மாறக்கூடும் என்பதால், வாங்கும்தோறும் படித்தல் வேண்டும்.

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை ஆகியவற்றில் இயல்பாகவே பசையம் இல்லை. ஆனால், கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே கேழ்வரகையும் அரைத்தால், முன்னதன் மாவு பின்னதில் கலந்துவிடும். பொதுவான சல்லடையும் பூரிக்கட்டையும் இவ்வாறே கலப்பை உண்டாக்கும். எனவே, இவற்றைத் தனியே வைத்துக்கொள்வது நன்று.

நோயற்றவர் பசையத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஐயமுடையவர், கோதுமையைத் தாமாகவே நிறுத்திவிடாமல் முதலில் மருத்துவரை அணுக வேண்டும். முன்கூட்டியே நிறுத்தினால் பரிசோதனையில் நோய் புலப்படாமல் போகலாம். நோயுற்ற குழந்தை ஒன்று விருந்தில் பிறரோடு அமர்ந்து அச்சமின்றி ஒரு துண்டு கேக்கை உண்ண வேண்டுமெனில், அதனைச் செய்பவர் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் படித்திருக்க வேண்டும்.