திறக்கும் மூடியும் திறவா மூடியும்

பிள்ளைகளின் படிப்புக்கென மடிக்கணிப்பொறி வாங்கச் செல்கிறீர்கள். விலையை விசாரிக்கிறீர்கள், எடையையும் நிறத்தையும் பார்க்கிறீர்கள். "இதன் மூடியைத் திறக்க முடியுமா? பின்னாளில் நினைவகத்தைக் கூட்டிக்கொள்ள இயலுமா?" என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? அற்பமாகத் தோன்றும் இந்தக் கேள்வியின் பின்னே, அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனத்துடைய நெடிய வரலாறு மறைந்து கிடக்கிறது.

ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டீவ் வாஸ்னியாக், ரொனால்டு வெய்ன் ஆகிய மூவர் 1976 ஏப்ரல் முதல் நாளில் கலிஃபோர்னியாவில் அதனைத் தொடங்கினர். அவர்கள் விற்ற முதற் கணிப்பொறிக்கு மூடியே கிடையாது! பெட்டியில்லை, விசைப்பலகையில்லை, சில்லுகள் பொருத்திய மின்பலகை ஒன்றை 666 டாலர் 66 சென்டுக்கு விற்றனர். பெட்டியை வாங்கியவரே செய்துகொள்ள வேண்டும். சிலர் மரத்தால் செய்துகொண்டனர்.

அடுத்த ஆண்டே 'ஆப்பிள் 2' வெளிவந்தது. இதன் மேல்மூடியைக் கருவி ஏதுமின்றிக் கையாலேயே கழற்றிவிடலாம். உள்ளே, புதிய அட்டைகளைப் பொருத்துவதற்கு எட்டுச் செருகுமிடங்கள். அச்சுப்பொறிக்கு ஒன்று, தொலைபேசி இணைப்புக்கு ஒன்று, ஆக இரண்டே போதும் என்றார் ஜாப்ஸ். எட்டும் இருந்தே தீரவேண்டும் என்று பிடிவாதமாக நின்று வென்றார், அதனை வடிவமைத்த வாஸ்னியாக். அந்தப் பிடிவாதத்தின் பலனைப் பாருங்கள். 1978இல் நெகிழ்வட்டு இயக்கி வந்தபோது, இத்தகைய செருகுமிடம் ஒன்றில்தான் அதன் அட்டை அமர்ந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 1980இல் இக்கணிப்பொறிக்கென ஓர் அட்டையைத் தயாரித்து விற்றது. வெறும் 4 கிலோபைட் நினைவகத்தோடு பிறந்த இந்த வரிசை, 1993 வரை விற்பனையில் நிலைத்தது.

1984 ஜனவரி 24 அன்று அறிமுகமான 'மேக்கின்டாஷ்' ஜாப்ஸின் விருப்பப்படி அமைந்தது. எழுத்தைத் தட்டச்சு செய்து ஆணையிடும் தொல்லை ஒழிந்து, படங்களைச் சுட்டியால் தொட்டு இயக்கும் எளிமையை அது பலரிடம் கொண்டு சேர்த்தது. ஆனால் மூடி? சாதாரணத் திருப்புளி அதனிடம் செல்லாது. நட்சத்திரக் குழியுடைய திருகாணிகள், அவற்றுள் இரண்டு கைப்பிடியின் அடியில் ஆழத்தில். நீண்ட கழுத்துள்ள தனிக்கருவி வேண்டும். உருவாக்கிய குழுவினரின் கையொப்பங்கள் பெட்டியின் உட்புறத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. வாங்கியவர் திறந்து பார்க்கக் கூடாத இடத்தில் கையொப்பம்! வேடிக்கைதான். செருகுமிடம் ஒன்றுகூட இல்லை. 128 கிலோபைட் நினைவகம் போதவில்லை என்பது விரைவில் புலனாகி, அதே ஆண்டில் 512 கிலோபைட் கணிப்பொறி வந்தது. இத்தேவையை முன்னரே உணர்ந்த பொறியாளர் பர்ரெல் ஸ்மித், மின்பலகையில் அதற்கான வழியை ஏற்கெனவே அமைத்திருந்தார்.

1985இல் ஜாப்ஸ் விலகினார். 1987இல் வந்த 'மேக்கின்டாஷ் 2' ஆறு செருகுமிடங்களுடன் மீண்டும் திறந்துகொண்டது. 1997இல் அவர் திரும்பியபோது, அந்த நிதியாண்டில் மட்டும் நிறுவனத்தின் நட்டம் நூறு கோடி டாலரைத் தாண்டியிருந்தது. மறு ஆண்டில் வந்த வண்ணமயமான 'ஐமேக்' அதனைத் தூக்கி நிறுத்தியது. இன்னொரு வியப்பு: 1999இல் வெளியான நீலநிறப் 'பவர் மேக்'கின் பக்கவாட்டுச் சுவர், அலமாரிக் கதவைப் போல் தாழ்ப்பாளை இழுத்ததும் திறந்தது. ஜாப்ஸின் தலைமையிலேயே இது நிகழ்ந்தது.

மடிக்கணிப்பொறியில் கதை வேறு. 2008இல் ஜாப்ஸ் காகித உறையிலிருந்து உருவிக் காட்டிய 'மேக்புக் ஏர்', நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டே வந்தது. 2011இல் அவர் மறைந்தார். மறு ஆண்டின் 'மேக்புக் புரோ'வில் நினைவகத்தைப் பற்றவைத்ததோடு, மின்கலத்தையும் பசையிட்டு ஒட்டினர். 2020இல் வந்த 'எம்1' சில்லில், நினைவகம் செயலியுடன் ஒரே பொதிக்குள் புகுந்துவிட்டது. இதனால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. தகவல் விரைந்து செல்கிறது, மின்செலவு குறைகிறது. எம்1 கொண்ட 'ஏர்' கணிப்பொறிக்கு விசிறியே தேவைப்படவில்லை. ஆயினும், வாங்கும் நாளில் 8 ஜிகாபைட் என்றால் இறுதிவரை அதே 8 தான். மகன் கல்லூரிக்குச் செல்லும்போது அது போதாதெனில், முழுக் கணிப்பொறிக்கும் மறுபடி பணம் எண்ண வேண்டியதே. சிறு தொகையில் முடிய வேண்டிய காரியம் இது என்பதே என் ஆதங்கம்.

வாடிக்கையாளர் தாமே பழுதுபார்த்துக்கொள்ள உதிரிப் பாகங்களையும் கையேடுகளையும் தரும் திட்டத்தை 2022இல் அந்நிறுவனம் அமெரிக்காவில் தொடங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில் எம்1 மடிக்கணிப்பொறிகளும் அதில் சேர்ந்தன. திரையை மாற்றலாம், மின்கலத்தை மாற்றலாம். நினைவகத்தைக் கூட்டுவதற்கு மட்டும் அதிலும் வழியில்லை.