ஒரே அறைக்குள் இரண்டு அறைகள்

இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிடார் போகும் வழியை மட்டும் தனியே பின்தொடர்ந்து கேட்கிறவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். நல்ல ஸ்பீக்கர் வாங்கியதும் அவர்களில் பலருக்கும் ஒரு குழப்பம் வருகிறது. ஹெட்போனில் ஒவ்வொரு சுரமும் ஒரே பருமனில் வரிசையாக வந்தது. அறையில் வைத்துக் கேட்டால் ஒரு சுரம் ஜன்னல் கம்பிகளை அதிரவைக்கிறது, அடுத்தது காணாமலே போகிறது. நாற்காலியை மூன்றடி நகர்த்தினால் போன சுரம் திரும்பி வருகிறது, வேறொன்று மறைகிறது. ஆம்ப்ளிஃபயரை மாற்றிப் பார்க்கிறார்கள். கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். மறைந்த சுரம் மறைந்தே இருக்கிறது, ஏனென்றால் அதை மறைத்தது அறை.

ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து காதுக்கு நேராக வருவது ஒலியின் ஒரு பகுதிதான். மற்றதெல்லாம் சுவர், தரை, கூரை என்று முட்டி மோதிய பிறகே வந்து சேருகிறது. அப்படி மோதும்போது எல்லா ஒலிக்கும் ஒரே கதி நேர்வதில்லை. காரணம், ஒலியலைகளின் நீளத்தில் உள்ள வியப்பூட்டும் வேறுபாடு. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 347 மீட்டர் ஓடுகிறது. பேஸ் கிடாரின் மிகத் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிரும்போது அதன் ஓர் அலை 8.4 மீட்டர் நீளம். பல வீடுகளில் அறையைவிடப் பெரிது. சலங்கையின் சிணுங்கலில் உள்ள 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலையோ மூன்றரை சென்டிமீட்டர், ஏறக்குறைய இரண்டு விரல் அகலம். கண்ணால் காணும் ஒளியில் சிவப்பின் அலைநீளம் ஊதாவைப்போல் இரண்டு மடங்குகூட இல்லை. காது கேட்கும் ஒலிகளிலோ நீண்டது 17 மீட்டர், குறுகியது 1.7 சென்டிமீட்டர். ஆயிரம் மடங்கு வித்தியாசம். இவ்வளவு பெரியதும் இவ்வளவு சிறியதும் ஒரே நான்கு சுவருக்குள் ஓடும்போது, அந்தச் சுவர்கள் உண்மையில் இரண்டு வேறு அறைகளாக நடந்துகொள்கின்றன. தாழ்ந்த சுரங்களுக்கு ஓர் அறை, உயர்ந்தவற்றுக்கு இன்னொன்று. ஒன்றுக்குச் சொன்ன வைத்தியம் மற்றதற்குப் பலிக்காது.

தாழ்ந்த சுரங்களின் அறையை முதலில் பார்ப்போம். சாமான் எதுவும் ஏற்றாத 10 அடி அகல அறையில் நின்று கையைத் தட்டினால் 'டர்ர்' என்று ஓர் அதிர்வு கேட்கும். தட்டல் ஒரு சுவருக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே போய்ப் போய் வருகிறது. போகவர ஆறு மீட்டர். விநாடிக்கு ஏறக்குறைய 57 முறை. இப்போது அதே அறையில் 57 ஹெர்ட்ஸ் சுரம் ஒலித்தால் என்ன ஆகும்? ஒரு முறை போய்த் திரும்புவதற்குள் சரியாக ஓர் அதிர்வு முடிந்திருக்கும். திரும்பி வந்த அலை, புதிதாகக் கிளம்பும் அலையோடு கைகோத்து அதைத் தூக்கிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இது நடக்கிறது. சுரம் வீங்குகிறது. பேஸ் கிடாரின் 'ஏ' கம்பி 55 ஹெர்ட்ஸ், அதன் அடுத்த ஃப்ரெட் 58. வீட்டை அதிரவைத்த சுரம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

இப்படி உருவாவதை நிலை அலை என்று பள்ளியில் படித்திருப்போம். தொட்டியில் தண்ணீரை முன்னும் பின்னும் தளும்ப விட்டால், இரு ஓரங்களிலும் நீர்மட்டம் ஏறி இறங்கும். நடுவில் மட்டம் அசையாது, அங்கே தண்ணீர் பக்கவாட்டில் மட்டும் ஓடும். அறையின் காற்றும் அப்படித்தான் தளும்புகிறது. சுவரோரம் அழுத்தம் ஏறி இறங்குவதால் காதில் சுரம் முழங்குகிறது. நடுவில் அழுத்தம் மாறுவதே இல்லை. காது உணர்வது அழுத்த மாற்றத்தைத்தான் என்பதால் அங்கே அந்தச் சுரம் இல்லாததுபோல் ஆகிறது. அந்த அறையின் நீளம் 12 அடி என்றால், நீளவாக்கில் தளும்பும் சுரம் 47 ஹெர்ட்ஸ். நீளவாக்கில் அறையின் சரிபாதியில் நாற்காலி போட்டவருக்கு அது அநேகமாகக் கிடைக்காது.

பன்னிரண்டுக்குப் பத்து என்று அறை கட்டி, பத்தடி உயரத்தில் தளம் போடுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். இசைக்கு அது நல்ல அளவு இல்லை. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு ஜோடிப் பரப்புகளும் அதே 57 ஹெர்ட்ஸைத் தூக்கிப் பிடிக்கின்றன. மூன்று அளவும் மூன்று விதமாக இருந்தால் வீக்கம் பல சுரங்களுக்குப் பிரிந்துபோகும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தத் துறையின் புத்தகங்கள் பெரும்பாலும் அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அறைந்த சுவர்கள் அதிகம். தாழ்ந்த சுரம் அடிக்கும்போது அந்தப் பலகை சற்றே வளைந்துகொடுத்து, ஆற்றலில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் வளையாது. வந்த பேஸை அப்படியே திருப்பி அனுப்பும். அவர்கள் சொல்லும் அளவுகளை நம் அறைக்கு அப்படியே எடுத்தால் முழக்கம் போதுமான அளவு குறையாது.

இந்த முதல் அறைக்குக் காசு செலவில்லாத வைத்தியம் இடம் மாறி உட்கார்வது. நீளவாக்கில் நடு இடம் முதல் தளும்பலுக்குச் செவிடு. கால் பங்கு தூரம், அதைப்போல் இரு மடங்கு அதிர்வெண்ணில் வரும் இரண்டாவது தளும்பலுக்குச் செவிடு. சுவரோரம் எல்லாமே வீங்கும். ஆகவே காலுக்கும் அரைக்கும் நடுவே, பின்சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதம் அளவில் நாற்காலியைப் போட்டுத் தொடங்கச் சொல்கிறார்கள். 12 அடி அறையில் அது நாலரை அடி. சோஃபாவைச் சுவரோடு ஒட்டிப் போடும் வழக்கமுள்ள வீடுகளில் இதற்கு எதிர்ப்பு வரும். ஆனாலும் இந்த நாலரை அடி செய்யும் வேலையை எந்த விலை ஆம்ப்ளிஃபயரும் செய்யாது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

சப்வூஃபர் வைத்திருப்பவர்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் ஓர் அழகான தேற்றம் உதவுகிறது. ஒலி பிறக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றிவைத்தால், இடையிலுள்ள அறை செய்யும் மாற்றம் அப்படியே இருக்கும். ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தொடங்கி இங்கிலாந்தின் ரேலி பிரபு விரிவாக்கிய உண்மை இது. நடைமுறையில் இதன் பொருள், சப்வூஃபரைத் தூக்கி நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டு, நாம் தரையோரமாகத் தவழ்ந்து கேட்கலாம் என்பது. எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்து, நாம் நாற்காலிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பஞ்சு, ஃபோம் வைத்து பேஸை அடக்கலாமே என்றால், அங்கே அலைநீளம் குறுக்கே வருகிறது. பஞ்சு போன்றவை ஒலியை உறிஞ்சுவது, இழைகளுக்கு நடுவே காற்று ஓடி உரசி வெப்பமாவதால். சுவரை ஒட்டிய காற்றோ ஓட முடியாது, சுவர் தடுத்துவிடுகிறது. சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளித்தான் காற்றின் ஓட்டம் உச்சம். 57 ஹெர்ட்ஸுக்கு அது ஒன்றரை மீட்டர். இரண்டு அங்குல ஃபோமைச் சுவரில் ஒட்டினால் அந்தச் சுரத்துக்கு அது இருப்பதே தெரியாது. கனமான இலவம்பஞ்சு மெத்தையை மூலையில் குறுக்காக நிறுத்தி, பின்னால் இடைவெளி விட்டால் 150 ஹெர்ட்ஸ் பக்கம்வரை ஓரளவு பலன் உண்டு. அதற்குக் கீழே போக, வளைந்துகொடுக்கும் பலகையோ குறிப்பிட்ட சுரத்துக்கு அளவெடுத்த காற்றறைப் பெட்டியோ வேண்டும். வாய் குறுகிய பாத்திரம் தன் சுரத்துக்கு மட்டும் அதிரும் என்பது பழைய அறிவுதான். ரோமானியக் கட்டடக் கலைஞர் வித்ருவியஸ் நாடக அரங்குகளில் வெண்கலக் கலங்கள் வைக்கச் சொல்லி எழுதினார்; ஐரோப்பாவின் இடைக்காலத் தேவாலயங்கள் சிலவற்றின் சுவர்களில் மண்பானைகள் பதித்திருக்கிறார்கள்.

முதல் அறை எங்கே முடிந்து இரண்டாவது எங்கே தொடங்குகிறது? மான்ஃப்ரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் அதற்கு ஒரு சூத்திரம் தந்தார். நாம் பேசும் பன்னிரண்டுக்குப் பத்து அறையில், சாமான்கள் போட்டு முழக்கத்தை அரை விநாடிக்கு அடக்கினால், எல்லை ஏறக்குறைய 250 ஹெர்ட்ஸில் விழுகிறது. அதற்கு மேல் தளும்பல்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, தனித்தனிச் சுரமாக உறுத்துவதை விட்டுவிடுகின்றன. இனி ஒலி ஒளியைப்போல் கோடு கிழித்துப் போய்ப் பட்டுத் திரும்புகிறது. இங்கே முக்கியமான கேள்வி, எவ்வளவு நேரம் அது சாகாமல் சுற்றுகிறது என்பது.

அந்தக் கேள்விக்கு முதலில் பதில் கண்டவர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை அரங்கில் யார் பேசினாலும் புரியவில்லை. ஓர் அசையின் முழக்கம் ஐந்தரை விநாடி நீடித்தது. முதல் சொல் அடங்குமுன் அடுத்த பல சொற்கள் அதன்மேல் விழுந்தன. அதைச் சரிசெய்யும் பொறுப்பு இன்னும் முப்பது வயதாகாத சபைனிடம் வந்தது. தெருவின் சத்தம் ஓய்ந்த பிறகு, நள்ளிரவு தாண்டி வேலை செய்தார். பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து பரப்பி, ஆர்கன் குழாய் ஒன்றை ஒலித்து நிறுத்தி, முழக்கம் காதுக்கு எட்டாமல் போகும்வரை நேரம் குறித்தார். காலையில் மெத்தைகளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தான் போட்டிருந்த உடையும் ஒலியை உறிஞ்சுகிறது என்று பின்னால் தெரிந்தபோது, என்ன உடை என்று குறித்துவைக்காத ஆயிரக்கணக்கான அளவீடுகளை மொத்தமாகத் தள்ளிவிட்டார். அந்த இடத்தில் அவர்மேல் எனக்குப் பெரும் மரியாதை வருகிறது.

அவர் தேர்ந்தெடுத்த அளவுகோல் திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பாது என்பதால் அதுவே முழுமையான உறிஞ்சி. அவர் கண்ட விதியை மீட்டரில் சொன்னால், அறையின் கனஅளவை 0.161ஆல் பெருக்கி, எத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமமான உறிஞ்சுதல் உள்ளே இருக்கிறதோ அதனால் வகுத்தால், முழக்கம் 60 டெசிபல் இறங்கும் நேரம் விநாடியில் கிடைக்கும். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால் இந்தக் கணக்கைக் கொண்டு திட்டமிடப்பட்டது. இன்றும் உலகின் மிகச் சிறந்த இசை அரங்குகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

நம் அறைக்குப் போட்டுப் பார்ப்போம். கனஅளவு 34 கனமீட்டர். பூசி வண்ணமடித்த சுவர், டைல்ஸ் தரை, சிமென்ட் கூரை எல்லாம் சேர்ந்து 63 சதுர மீட்டர். இவை தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் உறிஞ்சும். ஆக, மொத்தமே இரண்டு சதுர மீட்டர் ஜன்னல்கூட இல்லை. முழக்கம் 3 விநாடியை நெருங்குகிறது. இசை தெளிவாகக் கேட்க அது அரை விநாடிக்குள் வர வேண்டும். அதற்கு ஏறக்குறைய 11 சதுர மீட்டர் தேவை. உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் அரை சதுர மீட்டருக்கு வருவார். மிச்சத்தைச் சோஃபா, மெத்தை, திரை, தலையணை எல்லாம் சேர்ந்துதான் தர வேண்டும்.

ஜமக்காளம் மட்டும் விரித்தால் போதுமா? அது மெல்லியது. கால் அலைநீளக் கணக்கு இங்கும் பொருந்துவதால் மிக உயர்ந்த ஒலிகளை மட்டும் தின்னும். சலங்கை மங்கி, பேஸ் முழங்கியபடியே இருக்கும். அடியில் தடித்த கோரை அல்லது தென்னைநார் விரிப்பு போட்டால் கொஞ்சம் மேல். திரையைச் சுவரோடு ஒட்டாமல் 20 சென்டிமீட்டர் தள்ளி, நிறைய மடிப்புகளோடு தொங்கவிட்டால் அதே துணி 430 ஹெர்ட்ஸ் பக்கம்வரை இறங்கி வேலை செய்யும். முட்டை அட்டை ஒட்டுவதால் பலன் மிகக் குறைவு. இதில் எதுவுமே பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதைத் தடுக்காது. அது வேறு கணக்கு.

எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்பதோடு, எங்கே என்பதும் முக்கியம். பக்கச் சுவரில் பட்டு வரும் ஒலி, நேரே வரும் ஒலிக்கு மூன்று நான்கு மில்லிவிநாடி பின்னால் வருகிறது. 1949இல் ஜெர்மனியின் கட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் செய்த ஆய்வு ஓர் அதிசயத்தைக் காட்டியது. சில மில்லிவிநாடி முதல் முப்பது வரை தாமதித்து வரும் நகலைக் காது தனியே கேட்பதில்லை. அந்த நகல் கூடுதல் உரப்போடு வந்தாலும், முதலில் வந்தது எந்தத் திசையோ அங்கிருந்தே எல்லாம் வருவதாக மூளை முடிவுசெய்துவிடுகிறது. ஆனால் அப்படிச் சேர்க்கும்போது குரலின் நிறமும் அது நிற்கும் இடமும் சற்றே மாறும். அந்த மோதல் புள்ளியைக் கண்டுபிடிக்க ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி போதும். நீங்கள் நாற்காலியில் இருக்க, இன்னொருவர் கண்ணாடியைப் பக்கச் சுவரோரம் நகர்த்தட்டும். ஸ்பீக்கர் எந்த இடத்தில் தெரிகிறதோ அதுவே புள்ளி. அங்கே உறிஞ்சி வைப்பதா, அப்படியே விடுவதா என்பதில் கேட்பவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தனிக்குரல் கச்சேரிக்கு உறிஞ்சுவதும், பெரிய வாத்தியக் குழுவுக்கு விட்டுவிடுவதும் எனக்குப் பிடிக்கிறது. பின்னதில் மேடை அகலமாகத் தோன்றும்.

எல்லாப் பரப்பையும் மெத்தையால் மூடினால் அறை செத்துவிடும். பாடகர் மூச்சுத் திணறுவதுபோல் கேட்கும். உறிஞ்சாமல், திசைகளெங்கும் சிதறடிக்க ஒரு வழி வேண்டும். எல்லைச் சூத்திரம் தந்த அதே ஷ்ரோடர் எழுபதுகளில் அதை எண் கணிதத்தில் கண்டெடுத்தார். 7 என்ற பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 0 முதல் 6 வரை ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி 7ஆல் வகுத்தால் மிஞ்சும் மீதி 0, 1, 4, 2, 2, 4, 1. இந்த விகிதத்தில் ஆழமுள்ள ஏழு பள்ளங்களை வரிசையாக வைத்தால், பட்ட ஒலி பல திசைகளுக்கும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்து போகிறது. 500 ஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்ய வேண்டுமென்றால் ஆழங்கள் 0, 5, 20, 10, 10, 20, 5 சென்டிமீட்டர். பிளைவுட்டில் இதை ஒரு தச்சர் எளிதாகச் செய்துவிடுவார். புத்தகங்களை உள்ளும் புறமுமாக அடுக்கிய அலமாரி இந்த ஒழுங்கில்லாமலே ஓரளவு இதைச் செய்கிறது. இரண்டுக்கும் இடம் நாற்காலிக்குப் பின்னாலுள்ள சுவர். ஆனால் சிதறிய ஒலி ஒன்றுகலக்க, தலைக்கும் அதற்கும் இடையே குறைந்தது இரண்டு மீட்டர் வேண்டும். நாலரை அடிதான் இருக்கிறது என்கிற அறையில் அந்தச் சுவருக்கு மெத்தையே மேல்.