உயிர் காக்கும் குழாயிலே கிருமி! டாக்டரையே தடுக்கும் நர்சு!!

வேலூர்,—
ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் ஷூ கம்பெனித் தொழிலாளி ஒருவர் ஆபத்தில் விழுந்தால் வண்டி வேலூர் பக்கம்தான் பறக்கும். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு 2022-ல் ராணிப்பேட்டையிலும் வளாகம் வந்துவிட்டது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்தவருக்குக் கழுத்தில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய். உயிரைப் பிடித்து வைப்பது இவைதான். கிருமிக்குக் கதவு திறப்பதும் இவைதான்! ரத்தத்தில் கிருமி பரவி, பிழைக்க வேண்டியவர் பலியாவதும் உண்டு.

ஐந்தே வேலை!

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டாக்டர் பீட்டர் புரோனோவோஸ்ட் ஒரு வழி காட்டினார். புது மருந்து அல்ல. கழுத்துக் குழாய் போடுமுன் கை கழுவு. குளோர்ஹெக்சிடின் மருந்தால் தோலைத் துடை. முகமூடி, கையுறை, கவுன் அணிந்து, நோயாளியையும் முழுக்க மூடு. தொடை இடுக்கைத் தவிர். தேவை தீர்ந்ததும் எடுத்துவிடு.

ஒன்றை விட்டாலும் "நிறுத்துங்க டாக்டர்" என்று சொல்ல நர்சுக்கு அதிகாரம்! (எந்த டாக்டருக்குப் பிடிக்கும்?) ஆனால் 100-க்கும் மேற்பட்ட பிரிவுகளில் 18 மாதத்தில் தொற்று 66 சதவீதம் வரை குறைந்தது. 2006-ல் இது வெளியானது.

சொந்தக்காரர் கவனத்துக்கு!

பார்க்கப் போகிறவர்களும் கை கழுவ வேண்டும். சிறுநீர்ப் பை இடுப்புக்குத் தாழ்வாகத் தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. இடைஞ்சல் என்று அதைத் தூக்கி மெத்தைமேல் வைப்பவர்கள் உண்டு. பையில் இருப்பது திரும்பி உள்ளே போகும், கிருமியோடு!

"இந்தக் குழாய் இன்னைக்கும் வேணுமா சிஸ்டர்?" என்று தினம் ஒரு தடவை கேட்கலாம்.