குவியத்தில் ஒரு செப்புச்சுருள்

தென்வானில் ஒளிரும் விண்மீன் ஒன்றைத் தமிழர் அகத்தியன் என்றனர்; அரபியர் சுஹைல் என்றனர். அப்பெயர் தாங்கிய ‘எஸ்ஹைல்-2’ என்னும் கத்தார் நாட்டுச் செயற்கைக்கோள் 2018 நவம்பர் 15 அன்று ஏவப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 25.9 பாகையில் அது நிலைகொண்டுள்ளது. புவிநிலைப் பாதையில் அமெச்சூர் வானொலியாளர்க்கென அமைந்த முதல் கருவி அதில்தான் இடம்பெற்றது. பிரேசில் முதல் தாய்லாந்து வரை உள்ளோர் அதன்வழி உரையாட இயலும். நம் காரைக்குடியும் அவ்வெல்லைக்குள் அடங்கும்.

இத்தகைய முயற்சி பேராய்வகங்களுக்கே உரியது என்று மாணவர் பலர் ஒதுங்குகின்றனர். அவ்வெண்ணம் தவறு என்பதை நாம் இங்கே விளக்க முற்படுகிறோம்.

பரவளைய வடிவம் தன்மேல் விழும் இணைகதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கும். அறிஞர் இப்னு அல் ஹைதம் இத்தகைய எரியாடிகளைப் பற்றி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தனிநூல் இயற்றினார். மொட்டைமாடியில் நாம் காணும் டி.டி.எச். டிஷ்ஷும் அவ்வகை ஆடியே. அதன் குவியத்தில் நின்று அலைகளை வாங்கியும் வழங்கியும் உதவும் உறுப்பே ஃபீடு. டிஷ் எத்துணைப் பெரிதாயினும் ஃபீடு பிழைத்தால் பயனில்லை.

இச்செயற்கைக்கோளுக்கு நாம் அனுப்பும் அலை 2.4 ஜிகாஹெர்ட்ஸ், அங்கிருந்து வருவது 10.489 ஜிகாஹெர்ட்ஸ். அனுப்பும் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். சுருளின் சுற்றளவு ஓர் அலைநீளம் இருத்தல் வேண்டும். எனவே விட்டம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். சுற்றுகளுக்கிடையே கால் அலைநீளம், அதாவது 3 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. செப்புக்கம்பியை மூன்று நான்கு சுற்றுகளாக வளைத்து, வட்டமான உலோகத்தகட்டின் முன் நிறுத்துகிறோம். கம்பி தகட்டைத் தொடலாகாது. ஏறத்தாழ 140 ஓமாக இருக்கும் மின்மறிப்பை 50 ஓமுக்கு இறக்க, முதற்சுற்றின் தொடக்கத்தில் சிறு செப்புப்பட்டை ஒன்றைப் பற்றவைக்கிறோம். தகட்டின் நடுத்துளை வழியே பின்னுள்ள எல்.என்.பி. வரும் அலையைப் பெறுகிறது.

பலரும் இடறும் இடம் ஒன்றுண்டு. செயற்கைக்கோள் வலச்சுழல் அலையை வேண்டுகிறது. ஆனால் கண்ணாடியில் வலக்கை இடக்கையாகத் தோன்றுவதுபோல, டிஷ்ஷில் பட்டு மீளும் அலையும் சுழற்சி மாறும். ஆகவே சுருளை இடப்புறமாக, சாதாரணத் திருகாணியின் புரிக்கு எதிராகச் சுற்ற வேண்டும். மாறிச் சுற்றினால் உழைப்பனைத்தும் வீணே.

மேலும், இவ்வலைவரிசையில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மிகுந்த ஆழத்திலேயே பெரும்பாலும் செல்லும். எனவே மேற்பரப்பின் தூய்மை இன்றியமையாதது. மின்முலாம் போன்ற மேற்பரப்புக் கலைகளை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் 1953 முதல் நம் ஊரிலேயே இயங்குவதை மாணவர் நினைவிற் கொள்க.

காரைக்குடியிலிருந்து செயற்கைக்கோள் மேற்கே சற்றுத் தெற்காக, அடிவானிலிருந்து ஏறத்தாழ 29 பாகை உயரத்தில் உள்ளது. கேட்பதோடு தொடங்குக. அரசின் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற பின்னரே அலைபரப்புக. அப்போது டிஷ்ஷின் முன் எவரும் நிற்றலாகாது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்தமானின் தொடர்புகள் அறுந்தபோது, போர்ட் பிளேரிலிருந்த அமெச்சூர் வானொலியாளரே உற்றாரின் நலச்செய்திகளைக் கொண்டுசேர்த்தனர். அன்று உதவியது வேறு அலைவரிசை. எனினும் முன்னரே கற்றுத் தேர்ந்த கைகளே உதவின. அத்தகைய கைகள் நம் கல்லூரியிலும் உருவாகட்டும், இன்ஷா அல்லாஹ்.