மருந்து மாறிய குற்றம்

2007ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வின்ட்சர் நகரத்து மருந்துக்கடை ஒன்றில், சுவாசக் கோளாறினால் அவஸ்தைப்பட்ட முதிய மாது ஒருவருக்கு வைத்தியர் எழுதித் தந்திருந்த பிரட்னிசொலோன் மாத்திரைக்குப் பதிலாக, பிரப்ரனலால் என்னும் வேறு மாத்திரை, பிரட்னிசொலோன் என்ற சீட்டு ஒட்டியே கொடுக்கப்பட்டுவிட்டது. முன்னது அழற்சியைத் தணிப்பது. பின்னதோ, இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்க உதவுவதாயினும், மூச்சுக் குழாய்களைச் சுருக்கும் சுபாவம் உடையதாகையால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாதது. ஒரே ஒலியில் தொடங்கும் இவ்விரு பெயர்களும் அகரவரிசைப்படி அடுக்கிய அலமாரியில் அருகருகே வந்து நிற்பவை; இரண்டின் பெட்டிகளும் ஒரே கம்பெனியின் நிறத்தில் அமைந்துவிட்டாலோ, நாள் முழுதும் நின்று களைத்த கண் அவற்றைப் பிரித்தறியத் தவறுவதில் ஆச்சரியமில்லை.

அந்த மாது பின்னர் மரணமடைந்தார். மாறிய மாத்திரைதான் அதற்குக் காரணமென்று நிரூபணமாகவில்லை. ஆயினும் 2009இல் மருந்தாளுநருக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, நிறுத்திவைக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டப்படி, கேட்ட மருந்துக்கு வேறு மருந்தைக் கொடுத்த செயலே குற்றமாயிற்றேயன்றி, கொடுத்தவரின் மனத்தில் தீய எண்ணம் இருந்ததா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. மறு வருஷம் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிறைத்தண்டனையை நீக்கி, 300 பவுன் அபராதம் விதித்தது.

அந்த மாதை இழந்த குடும்பத்தாருக்கு இந்தத் தொகை அற்பமாகவே தோன்றும். அவர்கள் துக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தவறை ஒப்புக்கொண்டால் கைதிக்கூண்டில் நிற்க நேரும் என்று அஞ்சுகிற மருந்தாளுநர், மாத்திரை மாறியதை அறிந்த அந்த நிமிஷத்திலேயே நோயாளியின் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவாரா, அல்லது யாருக்கும் தெரியாமல் கணக்கைச் சரிசெய்துவிட்டு மௌனமாயிருப்பாரா? நோயாளியின் உயிர் பெரும்பாலும் அந்த நிமிஷத்தைப் பொறுத்தது. அடுத்த அலமாரியில் அதே பிசகு நேராமல் தடுப்பதும் அவர் வாய் திறப்பதைப் பொறுத்ததே. ஆகவே பொறுப்பு என்பதைத் தண்டனையின் அளவால் மட்டும் நிறுப்பது எனக்குச் சம்மதமில்லை.

பிரிட்டனில் நெடுநாள் விவாதத்துக்குப் பிறகு, 2018 ஏப்ரலில் ஒரு புதிய ஆணை அமலுக்கு வந்தது. கைப்பிசகாக மருந்து மாறியிருந்தால், அதைக் கொடுத்தவர் அந்தச் சட்டக் குற்றத்துக்கு எதிராகத் தற்காப்புக் கோரலாம். ஆனால் நோயாளியின் நலத்தை வேண்டுமென்றே அலட்சியம் செய்தவருக்கு அது கிடையாது. தவறு தெரிந்தவுடன் நோயாளிக்குத் தாமதமின்றி அறிவிக்க முயற்சி எடுத்திருக்கவும் வேண்டும். கடைகளுக்கு மட்டுமே உரியதாயிருந்த இந்தத் தற்காப்பு, ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பவர்களுக்கு 2022 டிசம்பரில்தான் கிடைத்தது.