காரின் இன்ஜின் பகுதிக்குச் சொரசொரப்புச் சாயம்: உங்கள் மூச்சையும் கவனியுங்கள்

பழைய காரைப் பிள்ளை போல் பராமரிப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டான் சாகாவையும், அதற்கும் முந்தைய டட்சன் 120ஒய் காரையும் இன்றும் சில தாமான்களில் வீட்டு முகப்பில் பார்க்கலாம். ஓய்வு பெற்ற பிறகு பானெட்டைத் திறந்து, துருவைச் சுரண்டி, உள்ளே புதுச் சாயம் அடிப்பது பலருக்கு மனநிறைவு தரும் வேலை. அதைக் கைவிடுங்கள் என்று இந்தக் கையேடு சொல்லவில்லை. ஆனால், இன்ஜின் பகுதிக்குப் பலர் விரும்பி அடிக்கும் சொரசொரப்புச் சாயம், வழவழப்பான சாதாரணச் சாயத்தைவிட உடலுக்கு அதிகத் தொல்லை தரக்கூடியது. அறுபது வயதைக் கடந்தவர்கள் அதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

சுருக்கம் எப்படி விழுகிறது?

காய்ச்சிய பால் ஆறும்போது மேலே ஆடை படிந்து சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சுருக்கம் விழும் சாயமும் கிட்டத்தட்ட அப்படித்தான். மேற்பரப்பு முதலில் காய்ந்து தோலாகிறது. அடியில் இருப்பது இன்னும் ஈரமாகவே இருக்கும். தோல் விரியும்போது இடம் போதாமல் மடிகிறது. இந்தச் சுருக்கம் விழ வேண்டுமென்றால் சாயத்தைத் தடிமனாக அடிக்க வேண்டும். சில நிமிட இடைவெளியில், முந்தைய பூச்சு காய்வதற்கு முன்பே, இரண்டு மூன்று முறை அடிப்பார்கள்.

தடிமனான சாயத்தில் கரைப்பானும் அதிகம். டொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் அடிக்கும்போது மட்டுமல்ல, அடித்து முடித்த பிறகும் பல மணி நேரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தாழ்வான இடத்தில் தேங்கும். இன்ஜின் பகுதியோ ஒரு கிண்ணம் போன்றது. அதற்குள் குனிந்து சாயம் அடிப்பவரின் முகம் சரியாக அந்த ஆவி தேங்கும் இடத்தில் இருக்கிறது.

ஆகவே எங்கள் முதல் ஆலோசனை இதுதான்: காருக்குள் குனிந்து ஸ்பிரே அடிக்காதீர்கள். வால்வ் கவர், காற்று வடிகட்டியின் மூடி போன்ற கழற்றக்கூடிய பாகங்களைக் கழற்றி, திறந்த வெளியில், இடுப்பு உயர மேசையில் வைத்து, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று அடியுங்கள். கழற்ற முடியாத உட்சுவர்களுக்குத் தூரிகையால் சாதாரணச் சாயம் பூசினால் போதும், அல்லது பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பானெட்டைத் திறந்தால் கண்ணில் படுவது பெரும்பாலும் அந்த வால்வ் கவர்தான்; அழகு ஒன்றும் குறைந்துவிடாது.

மூக்கை நம்ப வேண்டாம்

“வாடை போய்விட்டது, இனிப் பயமில்லை” என்று நினைப்பது தவறு. சில நிமிடங்களில் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும். ஆவி அங்கேயேதான் இருக்கும். வயது ஏற ஏற மோப்ப சக்தியும் குறைகிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், நெஞ்சு படபடப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே வேலையை நிறுத்திவிட்டு வெளிக்காற்றுக்கு வாருங்கள். கரைப்பான் ஆவி இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடும் என்பதால், இதய நோய் உள்ளவர்கள் படபடப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, வெயிலில் வெகுநேரம் குனிந்திருந்து சட்டென்று நிமிர்ந்தாலே தலை சுற்றும். அதோடு சாய ஆவியும் சேர்ந்தால் விழுந்துவிடும் ஆபத்து உண்டு. தனியாக இருக்கும்போது இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

முகக்கவசம் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மருத்துவ முகக்கவசமோ என்95 கவசமோ சாய ஆவியைத் தடுக்காது. என்95 தூசியையும் நுண்துளிகளையும் மட்டுமே வடிகட்டும். ஆவிக்குக் கரித்தூள் வடிகட்டி பொருத்திய ரப்பர் சுவாசக் கவசம் வேண்டும். தாடி வைத்திருந்தால் அது முகத்தோடு சரியாகப் பொருந்தாது. அதை அணிந்து மூச்சு விடுவதும் சற்றுச் சிரமம். ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே அணியுங்கள்.

இருகலவைச் சாயம் வீட்டில் வேண்டாம்

பிக்கப் வண்டிகளின் பின்தளத்திற்கு அடிக்கும் ரப்பர் போன்ற சொரசொரப்புச் சாயத்தைச் சிலர் இன்ஜின் பகுதிக்கும் அடிக்கிறார்கள். இதில் பல வகைகள் இரண்டு டின்களாக விற்கப்படுகின்றன. கலந்து அடிக்கும் கெட்டிப்படுத்தியில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கும். இது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை உடல் இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகக் குறைந்த அளவே மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். ஆபத்தான அளவில் இருந்தாலும் வாடை தெரியாமல் போகலாம். அறிகுறிகள் உடனே வராமல் அன்று இரவு இருமலாகவும் மூச்சிறைப்பாகவும் வருவதுண்டு. பட்டறைகளில் இதற்கென்று தனி அறையும், வெளியிலிருந்து காற்று வரும் கவசமும் வைத்திருப்பது இதனால்தான். வீட்டு முகப்பில் அவை சாத்தியமில்லை.

வாங்கும்போது டின்னைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரக் கட்டத்தில், மார்பில் நட்சத்திரம் போன்ற வடிவம் கொண்ட மனித உருவம் இருந்தால், நுரையீரல் முதலான உள்ளுறுப்புகளுக்குக் கடுமையான அல்லது நீண்டகாலத் தீங்கு வரலாம் என்று பொருள். எழுத்து சிறியதாக இருந்தால் கடைக்காரரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய சாயத்தை நீக்கும்போது

பழைய கார்களின் சாயத்தில் ஈயம் இருக்கலாம். கேஸ்கெட், வெப்பத் தடுப்பு அட்டை, பிரேக் பாகங்கள் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காமல், தண்ணீர் நனைத்து ஈரமாகத் தேயுங்கள். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வெப்பத் தடுப்பு அட்டையை நீங்களே பிய்க்க வேண்டாம். அந்த உடையோடு பேரப்பிள்ளைகளைத் தூக்காதீர்கள். அதைத் தனியாகத் துவையுங்கள்.

சாயம் நீக்கும் சில திரவங்களில் டைகுளோரோமீத்தேன் இருக்கிறது. உடலுக்குள் சென்றதும் அது கார்பன் மோனாக்சைடாக மாறி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் குறைக்கிறது. மார்புவலி உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது.

(காரின் இன்ஜின் எண்ணையும் சட்ட எண்ணையும் டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள். அவை சாயத்தில் மறைந்தால் புஸ்பாகோம் சோதனையில் வீண் சிக்கல்.)

சூடும் நெருப்பும்

சுருக்கம் சீராக விழ, பாகத்தைச் சுமார் 90 பாகை செல்சியஸில் சூடாக்கும்படி சில டின்களில் போட்டிருக்கும். சமையல் ஓவனில் வைக்காதீர்கள். ஆவி தீப்பற்றலாம்; ஓவனும் பிறகு சமையலுக்கு உதவாது. நல்ல வெயிலில் ஒரு நாள் வைத்தால் போதும்; சுருக்கம் கொஞ்சம் முன்பின்னாக விழுந்தால் விழட்டும். மூடிய முகப்பில் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்குவதும் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

தரையோடு நகரும் ஆவி சிறு தீயையும் தேடிப் போய்ப் பற்றும். வேலை செய்யும் நாளில் வாசல் விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள், சிகரெட் எதுவும் அருகில் வேண்டாம். அண்டை வீட்டு வாசலில் ஊதுவத்தி எரிகிறதா என்றும் பாருங்கள். முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள். ஸ்பிரே டின்னை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் அது வெடிக்கலாம். சாயம் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்தால், சில சாயங்களில் உள்ள எண்ணெயால் தானே சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். அதை வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

விபத்து நேர்ந்தால்

தோலில் பட்ட சாயத்தைத் தின்னரால் கழுவாதீர்கள். சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சவர்க்காரம் போடுங்கள். நீரிழிவால் கைகால் மரத்திருப்பவர்கள் புண் ஏதும் உண்டா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளவும். கண்ணில் பட்டால், ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

மீதித் தின்னரைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்க வேண்டாம். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் நிலைமை மோசமாகும். மூச்சுத் திணறல், மார்புவலி, மயக்கம் இருந்தால் 999-ஐ அழையுங்கள். இரசாயனம் பற்றிய ஆலோசனைக்குப் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் தொடர்பு கொள்ளலாம். மருத்துவமனைக்குப் போகும்போது சாய டின்னையோ, அதன் லேபிளைக் கைபேசியில் எடுத்த படத்தையோ கொண்டு செல்லுங்கள்.